மனத்துக்கும் ஒரு பெரட்டு வேண்டும்: தோட்டத்திலும் தாமானிலும் அன்றாடம் செய்யக்கூடிய எளிய பழக்கங்கள்

மலேசியாவில் பெரியவர்களிடையே மனச்சோர்வு நோய் உள்ளவர்கள் 2019-ஆம் ஆண்டில் 2.3 விழுக்காடு. 2023-ஆம் ஆண்டில் அது 4.6 விழுக்காடு. நான்கே ஆண்டுகளில் இரு மடங்கு. தேசிய சுகாதார, நோய் ஆய்வு தரும் கணக்கு இது. ஏறக்குறைய பத்து லட்சம் பேர் இந்தக் கணக்கில் அடங்குகிறார்கள். 13 முதல் 17 வயது வரையிலான மாணவர்களிடம் 2022-இல் எடுத்த ஆய்வில் 26.9 விழுக்காட்டினர் மனச்சோர்வின் அறிகுறிகளைத் தெரிவித்திருந்தார்கள். நான்கு பிள்ளைகளில் ஒரு பிள்ளை!

இந்த எண்களைப் படிக்கும்போது, "இது கோலாலம்பூர்க்காரர்களின் பிரச்சினை, நமக்கென்ன" என்று மலாக்காவில் இருப்பவர்களுக்குத் தோன்றலாம். ஆனால் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, டுரியான் துங்கல் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களைச் சற்று எண்ணிப் பார்த்தால் படம் வேறாகத் தெரியும். தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கும் பாட்டி. பத்து பெரண்டாம் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்துக் காலையில் வந்து படுத்தும் தூக்கம் வராத அம்மா. எஸ்.பி.எம். முடித்துவிட்டு அடுத்தது என்னவென்று தெரியாமல் அறைக் கதவைச் சாத்திக்கொள்ளும் பையன். கடன் தவணையை யாரிடமும் சொல்லாமல் மனத்துக்குள்ளேயே கணக்குப் போடும் அப்பா. இவர்களில் ஒருவரையாவது நாம் எல்லாரும் அறிவோம்.

இவர்களில் பெரும்பாலோர் நோயாளிகள் அல்லர். ஆனால் மனம் களைத்துப் போனவர்கள். அந்தக் களைப்பு நோயாக மாறாமல் தடுக்கவும், மாறிவிட்டால் அடையாளம் கண்டு உதவி தேடவும் சில எளிய வழிகள் உள்ளன. பணம் அதிகம் தேவையில்லை. தனி இடமும் வேண்டாம். பல பழக்கங்கள் நம் தாத்தா, பாட்டி பெயர் தெரியாமலே செய்து வந்தவைதான்.

தோட்டம் கொடுத்த ஒழுங்கு

மலாயாவில் ரப்பரை முதன்முதலில் வணிகப் பயிராக நட்டது மலாக்காவில்தான். 1896-இல் தான் சே யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் நட்டார். பின்னர் புக்கிட் அசாகானில் பெரிய தோட்டம் உருவானது. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் உழைப்பில் இந்த மாநிலத்தின் தோட்டங்கள் வளர்ந்தன.

தோட்டத்து நாள் விடியுமுன்பே தொடங்கும். பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, நிறைக்கு நடந்து, மரம் வெட்டி, மங்கிலிருந்து பால் எடுத்து, பால் கொட்டகையில் நிறுத்து, வீடு திரும்பி, மாலையில் பந்து விளையாட்டு, கோயில், பக்கத்து லயத்தில் ஒரு பேச்சு, சீக்கிரம் உறக்கம். ஒவ்வொரு நாளும் இதே சுற்று.

அந்த வாழ்க்கையை அழகுபடுத்திப் பேசுவது நியாயமாகாது. கூலி குறைவு. வீடு தோட்டத்து நிர்வாகத்துக்குச் சொந்தம். கள்ளுக்கடை பல குடும்பங்களை அழித்தது. பெண்கள் பட்ட பாடு தனிக்கதை. ஆனாலும் அந்த ஒழுங்குக்குள் மனத்தைத் தாங்கும் நான்கு தூண்கள் தாமாகவே அமைந்திருந்தன: குறித்த நேரத்தில் எழுவதும் உறங்குவதும், உடலுக்கு நடை, தினமும் பார்க்கும் முகங்கள், வாரத்தில் ஒருநாள் கோயிலில் கூடுவது.

பெரட்டில் ஒருவர் வரவில்லை என்றால் அன்றே தெரிந்துவிடும். "ஏன் வரல, என்னாச்சு?" என்று யாராவது வீட்டுக்கு வந்து கேட்பார்கள். இன்று அடுக்குமாடியின் நான்காவது மாடியில் ஒருவர் மூன்று நாள் வெளியே வராவிட்டாலும் பக்கத்து வீட்டுக்குத் தெரிவதில்லை.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, சில இடங்களில் தாமான்கள் எழுந்தன. 1970-களில் பத்து பெரண்டாமில் தடையற்ற வாணிப வட்டாரம் வந்த பிறகு தோட்டத்துப் பிள்ளைகள் தொழிற்சாலைக்குப் போனார்கள். வருமானம் உயர்ந்தது, பிள்ளைகள் படித்தார்கள். அது முன்னேற்றம்தான். ஆனால் அந்த நான்கு தூண்களும் கூடவே வரவில்லை. அவற்றை இனி நாமே நட்டுக்கொள்ள வேண்டும்.

'மைண்ட்ஃபுல்னஸ்' என்றால் என்ன?

இன்று எங்கு பார்த்தாலும் கேட்கும் சொல் இது. இந்த நேரத்தில், இந்த இடத்தில், செய்துகொண்டிருக்கும் காரியத்தில் மனத்தை வைப்பது என்பதே இதன் பொருள். எண்ணம் வேறு பக்கம் ஓடினால் அதைத் திட்டாமல் திரும்ப அழைத்து வருவது. அவ்வளவே.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-சின் என்பவர் 1979-இல் நீண்ட நாள் வலியோடு வாழ்பவர்களுக்காக ஒரு பயிற்சியாக இதை வடிவமைத்தார். ஆசிய நாடுகளின் தியான முறைகளிலிருந்து எடுத்து, சமயச் சாயல் இல்லாமல் மருத்துவமனைக்குள் கொண்டு சென்றார். ஆகவே எந்தச் சமயத்தவரும் இதைச் செய்யலாம். நம் பக்கத்தில் மூச்சைக் கவனிக்கும் பயிற்சி புதிதல்ல. திருமூலரின் திருமந்திரத்தில் பிராணாயாமத்துக்கென்றே ஒரு பகுதி உண்டு.

மனம் அலைவதற்கும் மகிழ்ச்சிக்கும் என்ன தொடர்பு? ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரு ஆய்வாளர்கள் 2,250 பேரிடம் நாளின் வெவ்வேறு நேரங்களில் கைப்பேசி வழியாக, "இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் எங்கே இருக்கிறது, எப்படி உணர்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். விழித்திருக்கும் நேரத்தின் 46.9 விழுக்காட்டில் மக்களின் மனம் வேறெங்கோ இருந்தது. மனம் அலைந்த நேரங்களில் மகிழ்ச்சி குறைவாகவும் இருந்தது. 2010-இல் வெளியான இந்த ஆய்வின் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. என்ன வேலை செய்கிறோம் என்பதைவிட, மனம் அந்த வேலையில் இருக்கிறதா என்பதே மகிழ்ச்சியை அதிகம் தீர்மானித்தது.

பால் மரம் வெட்டியவர்களுக்கு இது எளிதில் புரியும். பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். ஆழமாகப் போனால் மரம் காயப்படும். மேலோட்டமாகப் போனால் பால் வராது. அரையிருட்டில், தலைவிளக்கு வெளிச்சத்தில், ஒரு மரத்துக்குச் சில வினாடிகள். அந்த வினாடிகளில் மனம் கத்தியின் முனையில் இருந்தாக வேண்டும். நூற்றுக்கணக்கான மரங்களில் தினமும் இந்தக் கவனத்தைப் பழகியவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் நாம்.

1. ஐந்து நிமிட மூச்சு

நிமிர்ந்து உட்காருங்கள். மூக்கின் வழியாக நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு மூச்சு வரும். சாதாரணமாக நாம் விடுவது பன்னிரண்டுக்கும் மேல். மூச்சு மெதுவாகும்போது இதயத் துடிப்பு சீராகிறது. "ஆபத்து இல்லை" என்ற செய்தி உடலிலிருந்து மூளைக்குப் போகிறது. பதற்றத்தை அறிவுரையால் அடக்க முடியாதபோதும் மூச்சால் தணிக்க முடிவது இதனால்தான்.

இத்தாலியைச் சேர்ந்த லூசியானோ பெர்னார்டி குழுவினர் 2001-இல் ஒரு சுவையான முடிவை வெளியிட்டார்கள். 23 பேரைக் கத்தோலிக்க ஜெபமாலை மந்திரத்தையும் யோக மந்திரத்தையும் ஓதச் செய்தபோது, இரண்டிலுமே மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு இறங்கியது. நம் பிள்ளைகள் மலேசிய இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் விழாவுக்காகப் பதிகங்களைப் பண்ணோடு நீட்டிப் பாடிப் பழகுகிறார்களே, அப்போதும் மூச்சு நீளத்தான் செய்கிறது. போட்டி முடிந்த பிறகும் அந்தப் பழக்கத்தை விட்டுவிடாமல் மாலையில் ஒரு பதிகம் பாடுவது நல்ல மூச்சுப் பயிற்சி. மாதா கோயிலுக்குப் போகிறவர்களுக்கு ஜெபமாலை இருக்கிறது. எந்தப் பாட்டும் வேண்டாம் என்பவர்களுக்கு எண்ணிக்கையே போதும்.

எப்போது செய்வது? தொழிற்சாலைப் பேருந்துக்குக் காத்திருக்கும்போது. மோட்டார் சைக்கிளை முடுக்குவதற்கு முன். பிள்ளையிடம் கத்த வாய் திறப்பதற்கு முன். தலை சுற்றினால் நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் மூச்சை அடக்கிப் பிடிக்கும் பயிற்சிகளைத் தாங்களாகச் செய்ய வேண்டாம்.

2. ஒரு வேலை, ஒரு மனம்

"தியானம் செய்ய நேரமில்லை" என்று சொல்லும் பெண்கள் அதிகம். அது சாக்குப்போக்கு அல்ல, உண்மை. அவர்களுக்கான செய்தி ஒன்று உண்டு. அமெரிக்காவின் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 51 மாணவர்களிடம் பாத்திரம் கழுவச் சொன்னார்கள். ஒரு பிரிவினரிடம் சோப்பின் வாசனை, தண்ணீரின் சூடு, பாத்திரத்தின் தொடுகை ஆகியவற்றைக் கவனித்துக் கழுவும்படி சொல்லப்பட்டது. மற்றப் பிரிவினருக்கு எப்படிக் கழுவ வேண்டும் என்ற விளக்கம் மட்டுமே. கவனித்துக் கழுவியவர்களிடம் பதற்றம் 27 விழுக்காடு குறைந்திருந்தது. மற்றவர்களிடம் மாற்றம் இல்லை. சிறிய ஆய்வுதான், ஆனால் செய்து பார்க்கச் செலவில்லை.

நாளில் ஏதாவது ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். காலையில் வாசலில் கோலம் போடுவது, துணி காயப்போடுவது, கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, பசியாறும்போது முதல் ஐந்து வாய். அந்த நேரத்தில் கைப்பேசியைத் தள்ளி வைத்துவிட்டு அந்த வேலையை மட்டும் செய்யுங்கள். மனம் கடனுக்கு ஓடும். மாமியார் சொன்ன சொல்லுக்கு ஓடும். ஓடட்டும். கவனித்துத் திரும்ப அழைத்து வாருங்கள். பத்து முறை ஓடினால் பத்து முறை அழையுங்கள். அப்படி அழைத்து வருவதுதான் பயிற்சி.

3. உணர்ச்சிக்குப் பெயர் வைப்பது

இன்று எல்லாவற்றுக்கும் நாம் ஒரே சொல் வைத்திருக்கிறோம்: "டென்ஷன்". ஆனால் பணம் போதாததால் வரும் கவலை வேறு. மகன் போன் எடுக்காததால் வரும் ஏக்கம் வேறு. மேற்பார்வையாளர் எல்லார் முன்னிலையிலும் திட்டியதால் வரும் அவமானம் வேறு. எவ்வளவு செய்தும் யாரும் கண்டுகொள்ளாததால் வரும் ஆற்றாமை வேறு. தமிழில் இத்தனை சொற்கள் இருப்பது இவை வேறு வேறு என்பதால்தான்.

உணர்ச்சிக்குச் சரியான பெயரைச் சொல்வதே அதன் வேகத்தைக் குறைக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மேத்யூ லீபர்மன் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், படத்தில் உள்ள முகத்தின் உணர்ச்சிக்குச் சொல்லால் பெயரிட்டபோது, அச்சத்தோடு தொடர்புடைய மூளைப் பகுதியின் செயல்பாடு தணிந்தது தெரியவந்தது. பெயர் தெரிந்தால் அடுத்து என்ன செய்வது என்பதும் தெரியும். ஏக்கத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. கவலைக்கு ஒரு தாளில் வரவு செலவுக் கணக்கு. அவமானத்துக்கு நம்பிக்கையான ஒருவரிடம் ஒரு பேச்சு.

பிள்ளைகளிடமும் இதைத் தொடங்கலாம். "ஆம்பளப் பிள்ளை அழலாமா?" என்பதற்குப் பதிலாக, "கோபமா இருக்கா, இல்ல வருத்தமா இருக்கா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பொறுத்திருங்கள். திருவள்ளுவர் சினத்தைப் பற்றி 'வெகுளாமை' என்றும், துன்பத்தில் தளராமை பற்றி 'இடுக்கண் அழியாமை' என்றும் தனித்தனி அதிகாரங்களே வைத்திருக்கிறார். தமிழ்ப்பள்ளியில் குறளை மனனம் செய்யும் பிள்ளையோடு, அந்த அதிகாரங்களின் பொருளைத் தன் வாழ்க்கையில் வைத்துப் பேசிப் பார்க்கலாம்.

4. நன்றி எழுதும் நோட்டு

ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கலக் ஆகிய இரு உளவியலாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வு பலருக்கும் தெரிந்தது. ஒரு பிரிவினர் வாரம் ஒருமுறை நன்றிக்குரிய ஐந்து விஷயங்களை எழுதினார்கள். இன்னொரு பிரிவினர் எரிச்சலூட்டிய விஷயங்களை எழுதினார்கள். பத்து வாரங்களுக்குப் பிறகு முதல் பிரிவினர் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நல்ல மனநிறைவோடு இருந்தார்கள். உடற்பயிற்சியும் கூடுதலாகச் செய்திருந்தார்கள்.

நன்றி என்றவுடன் பெரிய விஷயங்களைத் தேட வேண்டாம். "மழை வருமுன் துணி எடுத்து வைத்த பக்கத்து வீட்டு அக்கா", "இன்று முட்டி வலி குறைவு", "பேரன் 'பாட்டி' என்று வீடியோவில் கூப்பிட்டான்". இவை போதும். எழுதத் தெரியாத பாட்டி சொல்ல, பேத்தி எழுதலாம். அப்போது இருவருக்குமே பயன்.

மனம் மிகவும் கனத்திருக்கும்போது நன்றி எழுத வராது. அந்த நேரத்தில் வேறு வழி. மனத்தில் உள்ளதை அப்படியே 15 நிமிடம் ஒரு தாளில் கொட்டிவிடுங்கள். எழுத்துப் பிழை பார்க்க வேண்டாம்; யாருக்கும் காட்ட வேண்டாம்; கிழித்துப் போட்டுவிடலாம். ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில் நான்கு நாள் இப்படி எழுதியவர்கள், எழுதிய உடனே சற்று வருத்தமாகவே உணர்ந்தார்கள். ஆனால் அடுத்து வந்த மாதங்களில் மருத்துவரிடம் போவது அவர்களுக்குக் குறைந்தது. எழுதி முடித்ததும் வரும் கனத்தைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை என்பது இதில் உள்ள பாடம்.

5. நடையும் உறக்கமும்

உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடலுழைப்பைப் பரிந்துரைக்கிறது. நாளுக்கு 20 நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். ஆயர் குரோ தாவரவியல் பூங்கா, கிளேபாங் கடற்கரை, மலாக்கா ஆற்றோர நடைபாதை என்று பட்டணத்துக்காரர்களுக்கு இடம் உண்டு. தோட்டத்தில் இருப்பவர்களுக்குச் செம்மண் சாலையே போதும். தனியாக நடப்பதைவிட ஒருவரைக் கூட்டிக்கொண்டு நடப்பது நல்லது. மறுநாள் சோம்பல் வந்தாலும் அவர் வந்து கதவைத் தட்டுவார்.

உறக்கம் ஷிப்ட் வேலை செய்பவர்களின் பெரிய பிரச்சினை. உடலின் கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்து ஓடுகிறது. இரவு வேலை முடித்துக் காலை வெயிலில் வீடு வரும்போது, "பகலாகிவிட்டது, விழித்திரு" என்று அது சொல்கிறது. ஆகவே திரும்பும் வழியில் பேருந்தில் கறுப்புக் கண்ணாடி அணியலாம். அறைக்குத் தடித்த திரை போடலாம். வேலை முடிய நான்கைந்து மணி நேரம் இருக்கும்போதே காப்பி, தேநீரை நிறுத்திவிடலாம். படுக்கையில் கைப்பேசி வேண்டாம். அம்மா பகலில் தூங்கினால் அது சோம்பேறித்தனம் அல்ல என்பதை வீட்டில் எல்லாரும் புரிந்துகொள்ள வேண்டும். அந்த ஆறேழு மணி நேரம் கதவைத் தட்டாமல் இருப்பது குடும்பம் அவருக்குச் செய்யும் பெரிய உதவி.

"தூக்கம் வர்றதுக்குக் கொஞ்சம் போட்டுக்கிறேன்" என்று சொல்லும் ஆண்கள் உண்டு. மது விரைவில் கண்ணை மூட வைக்கும். ஆனால் நடு இரவில் எழுப்பிவிடும். ஆழ்ந்த உறக்கத்தைக் கெடுக்கும். மறுநாள் மனச்சோர்வைக் கூட்டும். வருத்தத்துக்குக் குடித்தால் வருத்தத்தோடு குடியும் சேர்ந்து இரண்டாகிறது. இதைக் குறையாகச் சொல்லாமல் அக்கறையாகச் சொல்ல ஒருவர் இருந்தால் மாற்றம் தொடங்கலாம்.

6. நாளுக்கு ஒரு மனிதர்

இங்கே சொன்ன பழக்கங்களில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யலாம். 148 ஆய்வுகள், மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்த ஓர் அலசல் 2010-இல் வெளியானது. உறவுகள் வலுவாக இருப்பவர்கள் உயிரோடு நீடிக்கும் வாய்ப்பு, அப்படி இல்லாதவர்களைவிட 50 விழுக்காடு அதிகம் என்று அது கண்டது. மனத்துக்கு மட்டுமன்றி, உயிருக்கே உறவு மருந்து.

வாட்ஸ்அப்பில் 'காலை வணக்கம்' படம் அனுப்புவது இதில் சேராது. குரல் கேட்க வேண்டும். முடிந்தால் முகம் பார்க்க வேண்டும். தோட்டத்தில் இருக்கும் அத்தைக்கு வேலைக்குப் போகும் வழியில் ஐந்து நிமிடப் போன். கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பிள்ளைகள், ஒரு நாளையும் ஒரு நேரத்தையும் குறித்து அழைத்தால், பெரியவர்களுக்கு எதிர்பார்த்திருக்க ஒன்று கிடைக்கும். இரவு உணவை வாரத்தில் இரண்டு நாளாவது எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம்.

கோயிலும் இதற்குப் பெரிய துணை. மலாக்காவில் 1781-ஆம் ஆண்டு முதல் இருந்து வரும் ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயமானாலும், மாசி மகத்துக்குப் பெருங்கூட்டம் கூடும் செங் சன்னாசிமலை ஆண்டவர் ஆலயமானாலும், தோட்டத்து மூலையில் உள்ள சிறிய மாரியம்மன் கோயிலானாலும், திருவிழா நாளில் எல்லாரும் வருகிறார்கள். ஆனால் தனிமை திருவிழா இல்லாத செவ்வாய்க்கிழமையில்தான் வாட்டுகிறது. ஆலய நிர்வாகங்களும் இளைஞர் மன்றங்களும் வாரம் ஒருமுறை, வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களின் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு விசாரித்து வரலாம். பழைய பெரட்டின் நல்ல பகுதி அதுதான்: பெயரைக் கூப்பிடுவது, வராதவரைத் தேடிப் போவது.

செய்யக்கூடாதவை சில

"எல்லாம் மனசுலதான் இருக்கு, பாசிட்டிவ்வா இரு" என்று கலங்கி நிற்பவரிடம் சொல்லாதீர்கள். அது உதவாது, கூடுதலாகக் குற்ற உணர்ச்சியைத்தான் தரும். எப்போதும் மகிழ்ச்சியாக இருப்பது யாருக்கும் இயலாது. துக்க வீட்டில் அழுவது ஆரோக்கியமான மனத்தின் அடையாளம்.

மேலே சொன்ன பழக்கங்கள் சம்பளத்தை உயர்த்தாது. வீட்டு வாடகையைக் குறைக்காது. அடிக்கும் கணவனைத் திருத்தாது. வெளியில் உள்ள பிரச்சினைக்கு வெளியில்தான் தீர்வு தேட வேண்டும். அதற்குத் தொழிற்சங்கம், சமூகநலத் துறை, காவல் துறை எல்லாம் இருக்கின்றன. அதைத் தேடிப் போகும் தெம்பை மனத்துக்குத் தருவதுதான் இப்பழக்கங்களின் வேலை.

சிலருக்குக் கண்ணை மூடி உட்கார்ந்தால் பழைய கொடிய நினைவுகள் கிளம்பலாம். அப்படியானால் வலிந்து தொடர வேண்டாம். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு நடையோ கைவேலையோ செய்வது அவர்களுக்கு ஏற்றது.

எப்போது மருத்துவரைப் பார்ப்பது?

இரண்டு கேள்விகளை உங்களிடமே கேட்டுப் பாருங்கள். கடந்த இரண்டு வாரங்களாகப் பெரும்பாலான நாள்களில் மனம் சோர்ந்து, நம்பிக்கையற்று இருக்கிறதா? முன்பு விருப்பமாகச் செய்த காரியங்களில் ஆர்வமே இல்லாமல் போய்விட்டதா? இவற்றில் ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்குப் போவது நல்லது. கூடவே உறக்கம், பசி கெடுவது, எப்போதும் களைப்பு, தன்னையே வெறுப்பது, சாவைப் பற்றிய எண்ணம் ஆகியவை இருந்தால் தள்ளிப் போட வேண்டாம். நம்மவர்களில் பலர் மனச் சோர்வை உடல்வலியாகவே சொல்கிறார்கள்: தலைவலி, நெஞ்சுப் பாரம், "உடம்பெல்லாம் எரியுது". பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தும் வலி தொடர்ந்தால், மனத்தைப் பற்றியும் மருத்துவரிடம் பேசுங்கள்.

கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. சில கேள்விகள் கொண்ட படிவத்தின் மூலம் முதலில் மதிப்பிடுவார்கள். தேவைப்பட்டால் ஆலோசகரிடமோ மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ அனுப்புவார்கள். மருந்து கொடுத்தால் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். இரண்டு நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்திவிடக் கூடாது. சுகமான பிறகும் மருத்துவர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது.

"கிளினிக்குக்குப் போனால் தம்போய்க்கு அனுப்பிவிடுவார்கள்" என்ற பயம் இன்னும் இருக்கிறது. தம்போய், தஞ்சோங் ரம்புத்தான் என்ற ஊர்ப் பெயர்களையே நாம் கேலிச் சொல்லாக்கி வைத்திருக்கிறோம். மனச்சோர்வு உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் வீட்டில் இருந்தபடியே, வேலைக்குப் போய்க்கொண்டே சிகிச்சை பெறுகிறார்கள். நீரிழிவுக்கு மாத்திரை எடுப்பதைப் போலத்தான் இதுவும்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஒருவருக்கு இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. கேட்க ஒருவர் இருக்கிறார் என்ற ஆறுதலே கிடைக்கும். அவரைத் தனியாக விடாமல் உதவிக்கு அழையுங்கள். தற்கொலை முயற்சி இன்று மலேசியாவில் குற்றமல்ல. அந்தச் சட்டப்பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே போலீசுக்குப் பயந்து மருத்துவமனைக்குப் போகாமல் இருக்க வேண்டியதில்லை.

சுகாதார அமைச்சின் ஹீல் உதவித் தொலைபேசி எண் 15555. பிஃப்ரெண்டர்ஸ் எண் 03-7627 2929, இரவிலும் பேசலாம். குடும்ப வன்முறை, சிறார் கொடுமை ஆகியவற்றுக்குத் தாலியான் காசே 15999. தமிழில் பேச விருப்பம் என்றால் தொடக்கத்திலேயே கேட்டுப் பாருங்கள். உடனடி ஆபத்து என்றால் 999.

இந்த வாரமே தொடங்க

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கினால் மூன்றாம் நாள் நின்றுவிடும். இந்த வாரம் காலையில் ஐந்து நிமிட மூச்சு மட்டும். ஏற்கெனவே செய்யும் ஒரு காரியத்தோடு அதை ஒட்டி வையுங்கள்: சாமி விளக்கு ஏற்றியதும், அல்லது தேநீர் கலக்கியதும். ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் தொடரலாம். விட்டுப்போனதற்கு வருந்த வேண்டாம். அடுத்த வாரம் ஒரு வேலையை முழுக் கவனத்தோடு செய்வதைச் சேருங்கள். அதற்கடுத்த வாரம் நடை.

ஆனால் ஒன்றை மட்டும் அடுத்த வாரத்துக்குத் தள்ள வேண்டாம். வெகுநாளாகக் குரல் கேட்காத ஒருவரின் பெயர் இதைப் படிக்கும்போது நினைவுக்கு வந்திருக்கும். அவரை இன்றே அழையுங்கள்.